ராணிய அடிக்காம பழக்க விடுங்க: நம்ம ரைடிங் ஸ்கூல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை காலைல லாயத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். நம்ம குதிரை ராணி தலையத் தூக்கிட்டா, கடிவாளம் போட விடல, அடுத்த பேட்ச்சுக்கு நேரமாச்சுன்னு மாஸ்டர் சவுக்க எடுத்துட்டாரு.

அந்தத் தலைய கீழ எறக்க வைக்க எனக்கு மூணு வாரம் ஆச்சுங்க. முதல் நாள் கடிவாளத்த கையில வச்சிட்டு சும்மா நின்னேன், அவளா வந்து மூக்கால தொட்டா, உடனே கிளிக்கர, அதான் அமுக்குனா 'டக்'னு சத்தம் வர்ற சின்ன பொருள, அமுக்கி ஒரு துண்டு கேரட் குடுத்தேன். அந்த சத்தம் வந்தா செஞ்சது சரி, தீனி வருதுன்னு புரிஞ்சதும் தலையத் தாழ்த்துனா, அப்புறம் உதட்டத் திறந்தா, மூணாவது வாரம் கடிவாளத்த நீட்டுனா அவளே வாயில வாங்கிக்கிட்டா. ஏறி உக்காந்தப்பவும் அப்படித்தான், நான் மூச்ச விட்டு உடம்பத் தளர்த்துனா போதும், நின்னுடுவா, லகான இழுக்குற வேலையே இல்ல.

நேத்து போய் கேரட்ட நீட்டுறேன், சுவரப் பாத்து திரும்பி நின்னுட்டா. வாயோரத்துல புண்ணு. கேரட்டுக்குக் கூட வரலங்க.

தயவுசெஞ்சு அடிக்காம பழக்க விடுங்க.

'கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா வாய மூடும்'னு மாஸ்டர் அன்னிக்கு சொன்னாரு. குதிரை மேல இதுல என்ன தப்பு? முன்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத எடத்துலதான் கடிவாளத்தோட இரும்பு உக்காருது, மெல்லிசா ஈறு, அதுக்குக் கீழ எலும்பு. கடிவாளத்துக்குப் பின்னாடியே கொள்ளு வரும்னு காட்டுனா அதுக்கும் வாயத் திறக்கும், மூணு வாரமா நான் காட்டுனது அதத்தானே.

தீனி குடுத்தா கடிக்கப் பழகிடும்னு சொல்றீங்க. பாக்கெட்ட மோந்துக்கிட்டு வர்றப்ப குடுத்தா கடிக்கத்தான் செய்யும். மூஞ்சிய அந்தப்பக்கம் திருப்பி அமைதியா நிக்கும்போது மட்டும், கைய நல்லா நீட்டி குடுக்கணும், இதுதான் முதல் பாடமே.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ல மாடர்ன் பென்டத்லான்ல, அதான் குதிரையேற்றமும் சேந்த அஞ்சு விளையாட்டுப் போட்டில, என்ன ஆச்சுன்னு உலகமே பாத்துச்சு. குலுக்கல்ல வந்த குதிரை, பழக வெறும் 20 நிமிஷம், பயந்துபோய் தாண்ட மறுத்துச்சு, கோச் முஷ்டியால குத்துனாங்க. கோச்ச வெளிய அனுப்புனாங்க, 2024 பாரிஸோட அந்த விளையாட்டுல குதிரையேற்றத்தையே எடுத்துட்டாங்க. அங்கயே மாத்திக்கிட்டாங்க, இங்க நம்ம லாயத்து ஆணியில இன்னும் முள்ளு வச்ச கடிவாளம் தொங்குது. முள்ளு, குமிழு வச்ச கடிவாளம் போடவே கூடாதுன்னு நம்ம நாட்டுல 1965லயே விதி இருக்கு. புள்ளைங்க குதிரையேற்றம் கத்துக்க வர்ற எடத்துல அத மாட்டி வைக்க எப்படி மனசு வந்துச்சு?

கோவத்துல வார்த்தை தடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க. மாஸ்டர வேலைய விட்டு அனுப்புங்கன்னு நான் கேக்கல, அவருக்கு இருக்குற அனுபவம் எனக்குக் கிடையாது. ராணிய மட்டும் அடிக்காம பழக்க விடுங்க. புண்ணு ஆறுற வரைக்கும் அவ வாயில இரும்பு வேணாம், சவாரியும் வேணாம், டாக்டர வரச் சொல்லுங்க. அந்த முள்ளுக் கடிவாளத்த இன்னிக்கே கழட்டிடுங்க.

நாளைக்கு காலைல 6 மணிக்கு கேரட்டோட வர்றேன், கேட்ட மட்டும் திறந்து விடச் சொல்லுங்க.