பென் டிரைவ் காலியாகத் தெரிந்தால் உடனே பார்மட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமுளி செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் மேலே 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணினி வைரஸ் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்னஞ்சல், போலி லிங்க் எல்லாம் இருந்தது. பென் டிரைவ் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் வைரஸ் மலை ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

கம்பம், கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகளில் பாட்டு கேட்க ஒரு பென் டிரைவ் இருக்கும். புதுப்பாட்டு ஏற்ற அது கடை கடையாகப் போகும். ஜீப் பிளேயருக்குப் பாட்டு மட்டும்தான் கண்ணில் படும், கூட ஒட்டிக்கொண்டு வருவது அதை ஒன்றும் செய்யாது. அதனால் ஓட்டுகிறவருக்கு மாதக்கணக்கில் தெரியாது. அதே டிரைவை என் கடையில் சொருகி ஏதாவது ஒன்றைத் திறந்தால் போதும். அன்றைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தவர் முதல் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளைகள் வரை எல்லார் டிரைவிலும் ஒரு பங்கு போய்விடும்.

போன ஏலக்காய் சீசனில் ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வந்தார். "அண்ணே, கூலிக் கணக்கு பூராவும் இதுல இருந்துச்சு. கீழ ஒரு கடையில வைரஸ்னு சொல்லி பார்மட் பண்ணி, 300 ரூபாயும் வாங்கிட்டாங்க" என்றார். முதலாளி மலையாளி. "எல்லாம் போயி" என்று தலையில் கை வைத்துவிட்டாராம்.

உண்மையில், பார்மட் போட்டு டிரைவைத் துடைக்கும் முன்பு எதுவும் போயிருக்காது. இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, ஒளித்துத்தான் வைக்கும். சில வகை எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, வெளியே அதே பெயரில் ஷார்ட்கட் (வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி ஐகான்) ஒன்றை நிறுத்தும். ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி தெரியும். நாம் அதை இரண்டு முறை தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் நம் கோப்பும் திறக்கும். திறந்துவிட்டதே என்று நாமும் சந்தேகப்பட மாட்டோம். டிரைவ் காலியாகத் தெரிந்தால் அதன் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போய்ப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் 6 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டினால் கோப்புகள் அங்கேயேதான் இருக்கின்றன. வைரஸை நீக்கிவிட்டு, ஆட்ரிப் (attrib) என்ற ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால் வெளியே வந்துவிடும். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்மட் அதைவிடச் சுலபம் என்பதால் கடைக்காரர்கள் பார்மட்டுக்குப் போகிறார்கள்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்ட பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பி வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது. பென் டிரைவைச் சொருகியவுடன் வைரஸ் தானே ஓட வழிவிட்ட ஆட்டோரன் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாப்ட் 2011இல் முடக்கியது. அதன் பிறகும் வைரஸ் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் நம் விரல் தட்டுவதால்தான். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரான் நடான்ஸ் அணு ஆலைக்குள் நுழைந்ததற்கும் பென் டிரைவைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராது என்று என் கடையில் அடித்துப் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என்னையும் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை அதற்கு முந்தைய வாரம் என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தார். அது என் மெஷினிலிருந்தே போயிருக்கலாம். இப்போது ஒரு பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டு, வருகிற டிரைவை முதலில் அதில்தான் சொருகுகிறேன். விண்டோஸில் ஒளிந்திருப்பதெல்லாம் அதில் பளிச்சென்று தெரிகிறது. வேண்டிய கோப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரிண்டுக்கு மட்டும் வருகிறவர்கள், ஓரத்தில் பூட்டு உள்ள எஸ்டி கார்டைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பூட்டைத் தள்ளி வைத்தால் கடை மெஷின் சாதாரணமாக அதில் எதையும் எழுதாது.

கணக்குப்பிள்ளையின் டிரைவிலிருந்து மீட்பு மென்பொருள் போட்டு முக்கால்வாசியை எடுத்துக் கொடுத்தேன். கோப்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை, வெறும் எண்கள்தான். எது எந்த வாரக் கூலி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்