கட்டைவிரலில் ஒரு ஈரா

கொனிமா, பெரு
மார்ச் மாதம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கார்னிவல் முடிந்து தார்க்கா மரக்குழல்களைத் துணியில் சுற்றி உத்தரத்தில் கட்டியாயிற்று. மழைதான் இன்னும் விடவில்லை.

நீ கிட்டாரில் வாசித்து அனுப்பிய பாட்டு வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் தம்பி தேவாலயத் திடலில் அரை மணி நேரம் நின்று இறக்கிக்கொண்டு வந்தான். முதல் தடவை அடுப்படியில் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். அம்மா அழுதாள். அவள் எதற்கு வேண்டுமானாலும் அழுவாள், அதை வைத்து நீ ஒன்றும் முடிவு கட்டாதே. அப்புறம் தம்பியின் இயர்போனை வாங்கிக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன்.

முதலில் பிடிபடவில்லை. மெட்டு நம்முடையது, மே மாதச் சிலுவைத் திருவிழாவுக்கு ஊதுவது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அடியில் சுரத்துக்கு ஒரு கார்டு, பல சுரம் சேர்ந்த கொத்து, என்று மாற்றிக்கொண்டே போகிறாய். ஒரே கம்பளிக்குள் பத்துப் பேர் புரண்டு படுப்பதுபோல் இருந்தது. டிரம்ஸ்காரப் பையன் வேறு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பெருக்கித் தள்ளுகிறான். லிமாவுக்குப் போய் இவள் இதைத்தானா கற்றாள் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது தடவைதான் உன் கட்டைவிரல் காதில் விழுந்தது.

மெட்டின் ஒரு சுரம் கட்டைவிரலில் வருகிறது. அடுத்தது மேல் தந்தியில் மற்ற விரலில் வருகிறது. திரும்பக் கட்டைவிரல். முதல் சுரம் அடங்குவதற்குள் அடுத்தது எழுந்துவிடுகிறது, ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஏறிக்கொள்கிறது. இது நம் சிக்குக் குழல் ஊதுகிற வழி. ஈராவும் அர்க்காவும். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை. சிக்கு ஒரு வாத்தியம், ஆனால் ஈரா, அர்க்கா என்று இரண்டு பாதியாக இரண்டு ஆள் கையில் இருக்கும். ஈராவில் ஆறு குழல், அர்க்காவில் ஏழு. சுரவரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஈரா முன்னே போகும், அர்க்கா பின்னே வரும். தனியாக ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பாதி மெட்டுதான் அவனுக்கு. நீ ஒற்றைக் கையில் இரண்டு பேரையும் நிறுத்தியிருக்கிறாய்.

போன தடவை வந்தபோது அமெரிக்காக்காரர் ஒருவரைப் போட்டுக் காட்டினாயே, வெஸ் மாண்ட்கோமரி. பகலில் தொழிற்சாலை வேலை, ஏழு பிள்ளைகள், ராத்திரியில் கிட்டார். அக்கம்பக்கம் தூங்க வேண்டுமே என்று தந்தி மீட்டுகிற பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசிக்கப் பழகினார் என்று சொன்னாய். மெட்டை ஒரே நேரத்தில் இரண்டு ஸ்தாயியில் வாசிப்பார் என்றும் சொன்னாய். நான் ‘உம்’ என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டேன். இப்போது உன் பாட்டில் அதே மாதிரி வருகிற இடத்தில்தான் உறைத்தது. அது மால்த்தாவும் சான்க்காவும் அல்லவா! நடுத்தரக் குழல் ஒரு ஸ்தாயியில், பெரியது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. இண்டியானாபொலிஸில் ஒருவர் விரலால் செய்ததை இங்கே இருபது பேர் குளிரில் வட்டமாக நின்று வாயால் செய்கிறோம்.

சரி, பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீ சோலோ என்று தொடங்குகிறாயே, அங்கே எனக்கு ஆளைக் காணோம். விரல் ஓடுகிறது, ஓடுகிறது, மெட்டு எங்கேயோ நின்றுவிட்டது. நம் வட்டத்தில் ஒருவன் ஊதுவது தனியாகக் கேட்டால் அது பிழை, உனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே குழலாகக் கேட்க வேண்டும்.

கற்பனையே கூடாது என்று கிழவன் சொல்கிறான் என்று நினைக்காதே. திருவிழாவுக்கு முந்தைய இரவு நாங்கள் புது மெட்டுக் கட்டுவதை நீ கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாய். யாராவது ஒருவர் ஒரு துண்டை மெல்ல, முனகுவதுபோல் ஊதுவார். பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் சேர்ந்துகொள்வார், அப்புறம் அடுத்தவர். பிடிக்காவிட்டால் ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காதில் விழாததுபோல் கோக்கா இலையை மென்றுகொண்டு இருந்துவிடுவார்கள். அது தானே அடங்கிவிடும். விடிகாலையில் மெட்டு இருக்கும், யாருடையது என்று கேட்டால் தெரியாது. உன் மேடையில் அப்படிக் காதில் விழாததுபோல் இருக்க ஆளில்லை. அதனால் நல்லது, சுமாரானது எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது.

ஆனால் சோலோவின் கடைசியில் பாஸ் வாசிப்பவர் இரண்டே சுரத்தில் உனக்குப் பதில் சொன்னார். நீ சட்டென்று நிறுத்தி அவருக்கு இடம் விட்டாய். அங்கிருந்து இரண்டு பேரும் மாறி மாறி மெட்டுக்குத் திரும்பி வருகிறீர்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டதில் தம்பியின் போனில் சார்ஜே போய்விட்டது. அந்த ஆளை விட்டுவிடாதே.

அன்று உனக்குப் பன்னிரண்டு வயது. சிலுவைத் திருவிழாவுக்கு முதல் நாள், வட்டத்தில் நிற்கிறேன் என்று வந்து கேட்டாய். பெண் ஆடலாம், பாடலாம், சிக்கு ஆணுக்கு என்று சொன்னேன். மற்றவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் சரி என்றிருந்தால் பாதிப் பேராவது பேசாமல் இருந்திருப்பார்கள். பெண்ணுக்கு மூச்சு போதாது என்று வேறு சொன்னேன். 3,800 மீட்டருக்கு மேலே ஆணுக்கு மட்டும் மூச்சு மிச்சமா கிடக்கிறது? ஒருவன் ஊதும்போது மற்றவன் மூச்சு வாங்கத்தான் குழலையே இரண்டாக்கினார்கள் என்று என் அப்பாவே சொல்வார். நீ ஒன்றும் பேசாமல் போய் மாமாவின் கிட்டாரை எடுத்தாய். கிட்டார்க்காரர் ராவுல் கார்சியா சாராத்தேயின் கேசட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டாய். அவர் அயாகுச்சோக்காரர், படிப்பால் வழக்கறிஞர், 2017-இல் காலமாகிவிட்டார். பெரிய கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தனியாக உட்கார்ந்து வாசிக்கிற சங்கீதம் என்று அப்போதெல்லாம் முணுமுணுப்பேன். உன்னைத் தனியாக உட்கார வைத்தது யார் என்று யோசித்ததில்லை.

இப்போது புனோவிலும் லிமாவிலும் பெண்களே ஊதுகிற குழுக்கள் வந்துவிட்டன. நம் ஊரில் இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும்.

உன் ஞானத்தகப்பன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாற்பது வருஷம் என் அர்க்கா. அவருடைய குழலை அவர் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டார், ஆணியில் தொங்குகிறது. நான்காவது குழலில் மயிரிழை விரிசல் இருந்தது, நூல் சுற்றி மெழுகு வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அதைத்தான் ஊதிப் பழகுகிறேன். சிரிக்காதே. உதடு தானாக ஈராவின் இடத்தில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் வருவது இவ்வளவு கஷ்டம் என்று அந்த மனிதர் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

மே 3-ஆம் தேதிக்கு வந்தால் என் ஈராவை நீ எடுத்துக்கொள்ளலாம். பழகியிருக்க வேண்டும் என்றில்லை. அந்த மெட்டு உன் விரலில் இருக்கிறது, உதட்டுக்கு இரண்டு நாள் போதும். வட்டத்தில் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் எழுந்து போனார், மறுநாள் வந்துவிட்டார்.

எந்தப் பேருந்து என்று தம்பிக்குச் செய்தி அனுப்பு, புனோவுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவான். கம்பளி எடுத்துவர மறந்துவிடாதே. கிட்டாரைக் கீழே லக்கேஜ் பெட்டியில் போடச் சொல்வார்கள். கொடுக்காதே, மடியிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா