அந்த ஐந்து மதிப்பெண்ணைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பெரியோர்களுக்கு, வணக்கம்.

‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு படம் கொடுத்து ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறீர்கள். 100 மதிப்பெண் தாளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது. பிள்ளை கண்ணால் பார்த்து, தனக்குத் தோன்றியதை எழுதினால் போதும்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது வேறு. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு கவிதை கைமாறிக்கொண்டே இருக்கிறது. காட்சி, மாட்சி, ஆட்சி என்று எதுகை கச்சிதமாக விழும். ஸ்பெஷல் கிளாஸில் அதைப் பத்து முறை எழுதவைப்பார்கள். படத்தில் உழவர் இருந்தாலும் சரி, ஊஞ்சலாடும் குழந்தை இருந்தாலும் சரி, அதே வரிகள்தான். படத்தைப் பார்க்காமலே முழு விடையையும் எழுதி முடித்துவிடலாம்.

ஒரு நாள், தலையில் தண்ணீர்க்குடமும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் நடந்துபோகும் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன். வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கவிதையைத்தான் எழுதினார்கள். கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி எழுதியது இவ்வளவுதான்: “அம்மா செருப்பு போடல. றோடு சுடும். பாப்பா குடத்துலேந்து சிந்துற தண்ணிய நாக்க நீட்டிப் புடிக்குது.” அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், குழந்தையின் நாக்கு என் கண்ணில் பட்டதே இல்லை.

பொதுத்தேர்வில் இந்த மூன்று வரிக்கு என்ன கிடைக்கும்? கவிதை வடிவம் இல்லை, பேச்சு வழக்கு, எழுத்துப்பிழை. மனப்பாடக் கவிதைக்கோ பிழையில்லாத அழகான கையெழுத்து இருக்கும். திருத்தும் மையத்தில் கட்டுக்கட்டாக விடைத்தாள் பார்க்கிற ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். நின்று யோசிக்க அவருக்கு நேரம் கிடையாது. விடைக்குறிப்பு எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதைத்தான் அவர் பார்ப்பார்.

மனப்பாடக் கவிதைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும், மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு அதுதான் கைகொடுக்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மனப்பாடம் செய்ததில் இரண்டாவது வரி மறந்துவிட்டால் அந்தப் பிள்ளை அங்கேயே நின்றுபோகும். படமோ தேர்வு முடியும்வரை கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மறக்க முடியாது. மேலே சொன்ன மாணவிக்கு மனப்பாடச் செய்யுளில் ஒரு வரிகூட நிற்காது.

எட்டு மதிப்பெண் கட்டுரைக்கும் இதே கதிதான். முன்னுரையிலிருந்து முடிவுரைவரை குறிப்புகளை நீங்களே கொடுத்துவிடுவதால், அந்த இடைவெளிகளை நிரப்புவதுதான் பிள்ளைகளின் வேலை என்றாகிவிட்டது.

பள்ளிக்கல்வித் துறை 2022இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9வரை ‘தேன்சிட்டு’ என்று சிறார் இதழ்களைத் தொடங்கியபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிள்ளைகள் எழுதியதை அச்சில் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் பேனா எடுக்கத் தோன்றும். அப்புறம் பத்தாம் வகுப்பு வந்துவிடுகிறது. அதுவரை சொந்தமாக எழுதிப் பழகிய கைக்கு ஒரே ஆண்டில் எல்லாம் மறந்துபோகிறது.

நான் கேட்பது பெரிய மாற்றமில்லை, செலவும் கிடையாது. படத்தில் மட்டுமே பார்க்க முடிந்த ஏதாவது ஒன்று விடையில் இருந்தால் மூன்று மதிப்பெண்ணாவது உண்டு, உரைநடையாக இருந்தாலும் ஏற்கலாம், இந்த ஒரு கேள்விக்கு எழுத்துப்பிழைக்காகக் குறைக்க வேண்டாம் என்று விடைக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். எந்தப் படத்துக்கும் பொருந்தும் கவிதைக்கு ஒரு மதிப்பெண் போதும். கட்டுரையிலும் குறிப்பில்லாத தலைப்பு ஒன்றை விருப்பத்தேர்வாகக் கொடுங்கள்.

இதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டால், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே படங்களை ஒட்டிப் பழக்க ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர்