ரிக் ரைட்டின் விரல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமான ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ பற்றிப் பேச்செடுத்தாலே, மிச்சம் மீதியை ஒட்டுப்போட்டு விற்றுவிட்டார்கள் என்கிறார்கள். முப்பது வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மிச்சம்தான், சரி. அவர்களுடைய முந்தைய ஆல்பமான ‘தி டிவிஷன் பெல்’லுக்காக 1993-94இல் வாசித்து, பயன்படாமல் கிடந்த பதிவுகள். 2008இல் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் புற்றுநோயால் இறந்துபோனார். அப்புறம் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும் அந்தப் பதிவுகளைத் தேடி எடுத்து, கூடச் சேர்ந்து வாசித்து, 2014 நவம்பரில் வெளியிட்டார்கள். கடைசிப் பாட்டைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே வாத்திய இசை. போன நண்பனைப் பேசவிட்டு இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதில் 1968 இலையுதிர் காலத்தின் பெயரில் ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்று உண்டு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்டமான பைப் ஆர்கனில் 1969இல் ரைட் வாசித்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கச்சேரி முடிந்து நள்ளிரவில் வேனில் திரும்பும்போது ஹெட்போனில் இதைத்தான் கேட்பேன். ஒரு சுரத்தை அழுத்தினால் அது முழுதாக விரியும்வரை அடுத்ததற்கு அவசரப்பட மாட்டார். என் வலது கை விரல்கள் மடிமேல் அப்படியே நின்று காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும்.

உங்கள் இசைப் பக்கத்தில் பாடகர்களைப் பற்றி நிறைய வருகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
திருச்சி