அக்கியும் கிழட்டுச் சுண்டெலியும்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்புள்ள தனம்,

விலாவில் அக்கி வந்து இருபது நாளாக ஜாக்கெட் போடக்கூட முடியவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பேத்திக்குப் பரீட்சை, இல்லாவிட்டால் அன்றைக்கே திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறியிருப்பேன். காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டது இருக்கட்டும், டாக்டர் தந்த மாத்திரையை நடுவில் விடாமல் முடித்தாயா?

வெள்ளணு எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறதாம், பிறகு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் லேபில் சுண்டெலிகளோடு இருந்தவளுக்கு இதைச் சொல்லத் தெரியாமல் போகுமா?

கூண்டு அட்டையில் பிறந்த தேதி எழுதி வைப்போம். மூன்று மாதத்துச் சுண்டெலி கையில் நிற்காது. இரண்டு வயதானதோ, முதுகு ரோமம் உதிர்ந்து, உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 2 மில்லிதான் என்பதால் சில சொட்டுக்கு மேல் எடுக்கமாட்டோம். அணுக்களுக்கு ஒளிரும் சாயம் கட்டி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் வகை பிரிந்துவிடும். கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுதான் டி செல். இளசின் ரத்தத்தில் அந்த டி செல்களில் பெரும்பங்கு இன்னும் எந்தக் கிருமியையும் பார்க்காத புதுசுகள். கிழத்திடம் அவை அருகிப்போய், ஏற்கெனவே பழகிய செல்களே இடத்தை நிரப்பியிருக்கும். மொத்தமாக எண்ணிப் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது தனம். உன் ரிப்போர்ட்டும் அப்படித்தான்.

புதுசுகள் தயாராகும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி. அதன் வேலையை 1961இல் ழாக் மில்லர் என்ற விஞ்ஞானி சுண்டெலிக் குட்டிகளில்தான் கண்டுபிடித்தார். வயசாக ஆக அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். எலும்பு மஜ்ஜையும் டி செல்களுக்கும், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களுக்குமான விதையைக் குறைத்து, மற்ற வெள்ளணுக்களை அதிகம் தள்ளும்.

ஆனால் சுண்டெலியை வைத்தே நம்மைச் சொல்லிவிடக் கூடாது. அதற்குக் கிழவயதிலும் புது டி செல் தைமஸிலிருந்தேதான் வரவேண்டும். நமக்கோ இருக்கிற செல்களே பிரிந்து பிரிந்து பெருகிக்கொள்ளும். அதோடு, கிருமியே அண்டாத கூண்டில் வளர்ந்த பிராணி அது. நாம் கெடிலத்தில் குளித்து வளர்ந்தவர்கள்.

நாலாம் வகுப்பில் உனக்குச் சின்னம்மை போட்டு, உங்கம்மா வேப்பிலையில் படுக்க வைத்தாரே, அந்த வைரஸ்தான் இத்தனை காலமும் நரம்பு வேரில் ஒளிந்திருந்தது. அதற்குக் காவல் டி செல்கள். அந்தக் காவல் வயசோடு தளர்ந்துவிட்டது. நீ ஏதோ தப்பாகச் சாப்பிட்டு வந்ததில்லை, அதை நினைத்து வருந்தாதே. ஐம்பது தாண்டியவர்களுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறியதும் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேள். நானும் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

சனிக்கிழமை காலை வருகிறேன். நீ எழுந்து எதுவும் சமைக்காதே, சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். என்னுடைய பழைய மல் சட்டை இரண்டையும் எடுத்து வருகிறேன், விலாவில் உரசாது.

உன்,
மங்கை