சிடியில் கிடந்த உன் கடிதங்கள்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. பெரியவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாரம் ஒரு முறை போனில் ரசம் வைப்பது எப்படி என்று கேட்கிறாள், அவ்வளவுதான் எங்கள் தொடர்பு.

நீ போன வாரம் கேட்டிருந்தாயே, சிங்கப்பூர் ஆபீசை விட்டு வரும்போது எடுத்து வந்த பிஎஸ்டி ஃபைல், அதாவது அவுட்லுக் மெயிலை மொத்தமாகக் கட்டி வைத்த ஃபைல், 1.8 ஜிபிக்கு ஹார்டு டிஸ்கில் சும்மா கிடக்கிறது, அதை ஜிமெயிலில் ஏற்ற முடியுமா என்று. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நானும் பத்து நாளாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை.

பீரோவில் எல்ஐசி பத்திரம் தேடப் போனேன். கவருக்கு அடியில் ஒரு சிடி. மேலே மார்க்கர் பேனாவில் 'மெயில் 99-04' என்று என் கையெழுத்து. நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்தபோது எழுதி வைத்தது. லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. முருகன்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் யுஎஸ்பியில் சொருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். "என்ன அண்ணாச்சி, பாட்டா?" என்று கேட்டான். கடிதம் என்றேன். சிடியில் கடிதமா என்று ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அந்தப் பையனுக்கு இன்னொன்றும் புரியாது. மெயிலை ஏன் சிடியில் வைக்க வேண்டும்? அப்போது ஹாட்மெயிலில் 2 எம்பிதான் இடம். நாலு போட்டோ வந்தால் பெட்டி நிரம்பிவிடும். அதனால்தான் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் மென்பொருளை வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு, சர்வரைத் துடைத்து வைப்போம். டயல்-அப் போட்டு, இறக்கி, லைனைத் துண்டித்துவிட்டு அப்புறம் நிதானமாகப் படிப்போம், போன் பில் ஏறக் கூடாதே. ஆகவே 2004க்கு முந்தைய மெயில் எதுவும் இன்று எந்த சர்வரிலும் கிடையாது. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி கூகுள் 1 ஜிபி தருகிறேன் என்றபோது ஏப்ரல் ஃபூல் என்றே நானும் நினைத்தேன். எனக்கு அழைப்பு அனுப்பி உள்ளே இழுத்தவன் நீதான்.

சரி, சிடிக்கு வருகிறேன். விளிம்பில் ஓரிடத்தில் மேல்பூச்சு உரிந்திருந்தது. சிடியில் எழுத்து நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கித்தான் போகும். முதலில் எழுதிய இன்பாக்ஸ் முழுசாக வந்துவிட்டது. கடைசியாக எழுதிய 'சென்ட் ஐட்டம்ஸ்' ஃபைல் பாதியில் நின்று, டிரைவ் கரகரவென்று அரைத்து, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. நாலு தடவை முயன்றேன். வரவில்லை. ஆகவே என்னிடம் இருப்பது நீ பேசியது மட்டும். நான் பேசியது போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ போன் பேசுவதைக் கேட்பது மாதிரி இருக்கிறது.

கிடைத்த ஃபைலும் டிபிஎக்ஸ் என்கிற வகை, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் மெயிலைச் சேர்த்து வைக்கும் பெட்டி. இப்போதைய விண்டோஸில் அவுட்லுக் எக்ஸ்பிரஸே கிடையாது. விண்டோஸ் விஸ்டா வந்தபோதே எடுத்துவிட்டார்கள். டபுள் கிளிக் செய்தால் 'இதை எதில் திறப்பது' என்று என்னையே கேட்கிறது. அன்டிபிஎக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு வரி கட்டளை. அது அந்தப் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி ஃபைலாகக் கொட்டிவிட்டது, மொத்தம் 3,412. அவற்றை தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளுக்குள் 'இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி' என்ற துணைக்கருவி வழியாக ஏற்றினேன். அப்புறம் அதே தண்டர்பேர்டில் என் ஜிமெயில் கணக்கையும் சேர்த்து, இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். ஐமேப் முறையில் இணைந்திருப்பதால் இங்கே ஃபோல்டரில் போடுவது அங்கே சர்வரில் ஏறிவிடும். யாருக்கும் புதிதாக மெயில் அனுப்புவதில்லை, பழைய தேதியோடு அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும்.

உன் விஷயம் இதைவிட எளிது. பழைய அவுட்லுக் உன் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தால் அதிலேயே பிஎஸ்டியைத் திற, ஜிமெயிலை ஐமேப் கணக்காகச் சேர், நகல் எடுத்துப் போடு. நகல் மட்டும், நகர்த்திவிடாதே. நடுவில் நெட் போனால் எது போயிற்று, எது நின்றது என்று தெரியாமல் முழிப்பாய். நான் முந்நூறு முந்நூறாகத்தான் ஏற்றினேன். முதலில் ஒரு பத்து மெயிலை ஏற்றி, தேதியும் இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இந்த வழியில் ஜிமெயில் ஒரு நாளைக்கு 500 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது. உன் 1.8 ஜிபிக்கு நாலு நாள் ஆகும், பதறாதே. 15 ஜிபியில் உன் பேரன் போட்டோ எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள், எல்லாம் ஒரே கணக்குதான். ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். நான் 'பழசு' என்று தமிழிலேயே வைத்தேன், ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, ஆபீஸ் மெயிலைக் கழித்துவிட்டு ஏற்று. அவர்கள் சரக்கு உன் சொந்தக் கணக்கில் இருப்பது நல்லதல்ல, ரிட்டையர் ஆனாலும்.

ஏற்றும்போது ஒரு கூத்து. திடீரென்று ஆன்டிவைரஸ் அலறியது. பார்த்தால், 2000ஆம் வருஷம் மே மாதம் 4ஆம் தேதி உன் ஆபீஸ் முகவரியிலிருந்து வந்த மெயில். பொருள்: ஐ லவ் யூ. ஞாபகம் இருக்கிறதா? மணிலாவில் கிளம்பி, அவுட்லுக்கில் முகவரி இருக்கிறவர்களுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்ட வைரஸ். மறுநாள் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் திறக்காமல் தப்பித்தேன். ஏன் அதை அழிக்காமல் இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. நீ எனக்கு எழுதிய ஒரே காதல் கடிதம் என்று வைத்துக்கொள்.

எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் உண்மையான தலைவலி. 1999, 2000இல் நாம் சோம்பேறித்தனமாக ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் இருக்கிறதே, 'எப்படி இருக்கே, சாப்பிட்டியா' வகை, அதெல்லாம் ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் வந்திருக்கிறது. ஆனால் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு, விசைப்பலகையில் எழுத்து எழுத்தாகத் தேடி, தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் குப்பையாகத் தெரிகின்றன. அது திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடு. இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு குறியீட்டில் தமிழ் எழுத விண்டோஸ் 98இல் வழியில்லை. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. திஸ்கியோ, ஐரோப்பிய எழுத்துகளுக்கான எண்களில் தமிழை உட்கார வைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் வெள்ளைக்காரன் எழுத்து. 'த' என்று நீ அடித்த இடத்திலெல்லாம் கணக்கில் போடும் முக்கால் குறி நிற்கிறது. 'ம' வருமிடத்தில் தலையில் ஒரு கோடு சாய்த்த ஏ. தமிழ் என்ற சொல்லே முக்காலில்தான் தொடங்குகிறது, போ.

ஜிமெயிலில் தேடினாலும் இவை சிக்காது, அதற்கு இவை தமிழே இல்லை. ஒவ்வொரு மெயிலின் உள்ளடக்கத்தையும் நகல் எடுத்து, குறியீடு மாற்றும் கருவியில் ஒட்டி, யூனிகோடாக்கி, எனக்கே புது மெயிலாக அனுப்பிக்கொள்கிறேன். மூலத்தை அழிக்கவில்லை. இதுவரை நாற்பது ஆயிற்று. சிங்கப்பூர் தேக்காவில் தோசை ஆறிப்போயிருந்தது என்று நீ ஒரு முழுப் பக்கம் திட்டி எழுதியதும் அதில் அடக்கம்.

இதையெல்லாம் விட்டுவிடு, நான் எழுத வந்தது வேறு. 'பழசு' லேபிளில் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் அடியில் உன் மெயில் ஒன்று, தேதி 1980 ஜனவரி 1. அப்போது நாம் டவுசர் போட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்பு. உன் ஜூராங் வீட்டு கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கிற பேட்டரி செத்திருக்கும், கடிகாரம் பிறந்த நாளுக்கே போய்விட்டது. ஆனால் மெயில் கடந்து வந்த சர்வர்கள் தங்கள் தேதியைத் தனியாகத் தலைப்பில் குத்தி வைக்கும், தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி. மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். 2001 அக்டோபர் 17.

திஸ்கிதான். மாற்றினேன். நாலே வரி:

"உன் கடிதத்தை பிரின்ட் எடுத்து எம்ஆர்டி ரயிலில் இரண்டு தடவை படித்தேன். யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நீ சொன்னபடியே செய்கிறேன். மீனாவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்."

மாப்ளே, நான் என்ன சொன்னேன்? மூன்று நாளாக யோசிக்கிறேன், சுத்தமாக ஞாபகம் இல்லை. அடுத்து வந்த உன் மெயிலில் கிரிக்கெட்டும் அம்மாவின் கண் ஆபரேஷனும்தான் இருக்கின்றன. என் பக்கம் சிடியின் உரிந்த விளிம்பில் போய்விட்டது. உன் பிஎஸ்டியில் இருக்கலாம், நான் உன் ஆபீஸ் முகவரிக்குத்தானே எழுதுவேன். 1.8 ஜிபியை ஏற்றுவது அப்புறம். முதலில் அந்த அக்டோபர் மாதத்தைத் திறந்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சு

பி.கு.: தேடும்போது தமிழில் தட்டிப் பார்க்காதே, கிடைக்காது. தேதியை வைத்துத் தேடு. பத்தாம் தேதியிலிருந்து பார்த்தால் போதும்.