கட்டில் காலை விட்டுவிடுங்கள்

விக்டோரியா காலக் கதைகளைப் படமாகவும் தொடராகவும் எடுக்கும் இயக்குநர்களுக்கும் உடை வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பிழைப்பவள். பகலில் ரவிக்கை தைக்கிறேன், இரவில் உங்கள் தொடர்களைப் பார்க்கிறேன். கதை மறுநாளே மறந்துவிடும்; தையல் மட்டும் கண்ணை விட்டுப் போகாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் காட்சி எப்போதும் ஒன்றுதான். நாயகி கட்டில் காலைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். பணிப்பெண் முதுகில் முழங்காலை ஊன்றாத குறையாக நாடாவை இழுக்கிறாள். நாயகிக்கு மூச்சு முட்டுகிறது. இடையை இறுக்கிக் கட்டும் உள்ளுடையான கோர்செட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு நூலிழை துணிகூட இல்லை. ஐயா, அம்மா, அது துவைக்கிற துணியா? உள்ளே திமிங்கலத் தாடைத் தகடுகளும் எஃகுப் பட்டைகளும் வைத்துத் தைத்திருப்பார்கள். வியர்வை படாமலிருக்க அடியில் ஒரு பருத்தி உள்சட்டை போட்டுக்கொண்டுதான் மாட்டுவார்கள். உள்சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம், கோர்செட் பல நாள் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கெல்லாம் முன்பக்கம் எஃகுக் கொக்கி வைத்தவை பரவிவிட்டன. நாடாவைத் தளர்த்தி, முன்னால் கொக்கியை மாட்டி, கையைப் பின்னே கொண்டுபோய்த் தானே இழுத்து முடிந்துகொள்ளலாம். கடையிலும் ஆலையிலும் வேலைக்குப் போன பெண்களுக்கு முதுகில் நாடா இழுக்கப் பணிப்பெண் ஏது?

அளவுக்கு மீறி இறுக்கியவர்கள் இருந்தார்கள். மருத்துவர்கள் திட்டித் தீர்த்ததும் உண்மைதான். ஆனால் இடை சிறுக்க விலா எலும்பை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பாத்திரத்தைப் பேசவிட்டீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு ஆதாரமே கிடையாது. அறுத்த இடம் சீழ் பிடிக்காமல் காக்கும் வழியை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டதே 1867இல்தான்.

அடுத்தது நிறம். உங்கள் லண்டன் முழுவதும் சாம்பலும் பழுப்புமாகவே கிடக்கிறது. பழைய புகைப்படத்தின் நிறத்தைத் துணியின் நிறம் என்று எண்ணிவிட்டீர்கள் போலிருக்கிறது. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், நிலக்கரித் தாரிலிருந்து கொயினா மருந்து செய்யப்போய் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தான். 1858இல் மூத்த மகளின் திருமணத்துக்கு அரசி விக்டோரியாவே அந்த ஊதா நிறத்தில்தான் வந்தார். தொடர்ந்து மெஜந்தா வந்தது. கண் கூசும் நிறங்கள்! நம் ஊர் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் தனியாகத் தெரியவே மாட்டார்கள்.

பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பளீர்ப் பச்சையில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. 1861 நவம்பரில் லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். தொப்பிக்கும் கூந்தலுக்கும் சூடும் துணிப்பூக்களின் இலைகளில் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. வாந்தி பச்சையாக வந்தது, கண்ணின் வெண்மை பச்சையானது, பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று சொன்னாள். நீங்கள் நாயகியின் கூந்தலில் பூவை வைக்கிறீர்கள், அந்த இலையில் பொடி தூவிய கையை ஒருமுறைகூடக் காட்டியதில்லை.

பொழுதுபோக்கு என்றால் உங்களுக்குப் பியானோ, பூவேலை, சன்னலோரப் பெருமூச்சு. இவற்றை விட்டால் வேறில்லை. மார்கரெட் கேட்டி என்ற பாதிரியார் மனைவியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கடற்கரையில் கடல்பாசி சேகரிப்பது அப்போது பெண்களிடையே பெரிய மோகம். அதில் மூழ்கிப்போன இவர் 1863இல் பிரிட்டனின் கடல்பாசிகளைப் பற்றித் தடித்த நூல் ஒன்றையே வெளியிட்டார். பாசி பொறுக்கப் போகும் பெண்களுக்கு அதில் உடை யோசனையும் உண்டு: கம்பளித் துணி, கணுக்காலுக்குக் கீழே இறங்காத பாவாடை, ஆண்பிள்ளைகள் வேட்டைக்குப் போடுகிற கனத்த பூட்ஸ். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையைச் சற்று நேரம் மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறார். வழுக்குப் பாறையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் துழாவும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஒளிப்பதிவாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? இவருக்கும் முன்பே, 1843இல், ஆனா அட்கின்ஸ் கடல்பாசிகளை வேதிப்பொருள் பூசிய தாளில் பரப்பி, வெயிலில் காட்டி, நீல நிறப் படங்களாக நூல் செய்யத் தொடங்கிவிட்டார். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சைக்கிள் காலத்துக்குப் போனாலும் குறைவில்லை. 1898இல் ஹார்பர்டன் சீமாட்டி, தளர்ந்த கால்சட்டையோடு சைக்கிளில் வந்ததற்காக இங்கிலாந்தின் சர்ரே பகுதி விடுதி ஒன்றில் அவரைக் காபி அறைக்குள் விட மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. சீமாட்டியின் பக்கம்தான் தோற்றது.

நான் எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். உங்கள் நாட்டியக் காட்சிகளில் நூறு கவுன்கள் சுழல்கின்றன. அவற்றைத் தைத்தது யார்? 1863 ஜூனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல்காரி லண்டனில் இறந்தாள். புதிதாக வந்த இளவரசிக்காக நடந்த நாட்டிய விருந்துக்கு உடைகள் முடிய வேண்டும். இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாத வேலை, ஓர் அறைக்கு முப்பது பெண்கள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விடிய விடிய மிதித்துக் கால் வீங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஆகவே ஒரு விண்ணப்பம். அந்தக் காலப் பாவாடைகளின் அடிவிளிம்பில் உள்பக்கமாக ஒரு முரட்டுப் பட்டை தைத்திருப்பார்கள். நாம் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறோமே, அதேதான். தெருச் சேற்றில் உரசித் தேய்வது பட்டையாக இருக்கும், துணி தப்பிக்கும். தேய்ந்ததும் பிரித்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். அடுத்த தொடரில் கட்டில் காலை விட்டுவிட்டு அரை நிமிடம் இதைக் காட்டுங்கள்: விளக்கடியில் ஒருத்தி மடியில் பாவாடையைப் போட்டுக்கொண்டு, நனைந்து கறுத்த பட்டையை ஊசி முனையால் தையல் தையலாகப் பிரிக்கிறாள். வசனம் வேண்டாம். ஊசி பிடிக்கிற கை மட்டும் நிஜமாகவே தைக்கத் தெரிந்தவருடையதாக இருக்கட்டும். அதில் ஏமாற்றினால் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி